ராமேஸ்வரம் ட்ரெய்ன்ல ஏறியாச்சு, ஆனா எங்க இறங்கணும்?

பள்ளிக்கூடம் லீவு விட்டா போதும், எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். "மாப்ள, ராமேஸ்வரம் போறோம்டா, சேது எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கன்பார்ம் ஆயிருச்சு, இறங்குனதும் என்ன பண்றது, ஆட்டோவுக்கு எவ்ளோ கேப்பான்"னு. எனக்கு சொந்த ஊரு உச்சிப்புளி பக்கம், பொழப்பு சென்னையில, அதனால ஆபீஸ்ல, அபார்ட்மெண்ட்ல, மச்சினன் வகையறாவுலன்னு எல்லாருக்கும் நான்தான் ராம்நாடு, அதாவது ராமநாதபுரம், டூரிஸ்ட் ஆபீசர். ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிப் போட்டுடலாம்னு உட்கார்ந்துட்டேன். இனிமே யாரு கேட்டாலும் லிங்க் அனுப்பிட்டு நான் பாட்டுக்கு சாப்பிடப் போயிருவேன்.

முதல் விஷயம், ராமேஸ்வரம் ட்ரெய்ன்னா ராமேஸ்வரத்துலதான் இறங்கணும்னு ஒண்ணும் சட்டம் கிடையாது. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயி, அங்க ரூம் போட்டு, அப்புறம் ஏர்வாடி போகணும், உத்தரகோசமங்கை போகணும், தேவிபட்டினத்துல பரிகாரம் பண்ணணும்னு வந்த வழியே 50 கிலோமீட்டர் கார் பிடிச்சு திரும்பி வர்றாங்க. வண்டி அந்த ஊரையெல்லாம் ஒட்டித்தானய்யா வந்துச்சு, நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்னு வரிசையா ஸ்டேஷன் இருக்கு, நடுவுல வாலாந்தரவை மாதிரி சின்னச் சின்னதும் உண்டு. உங்களுக்கு என்ன பாக்கணுங்கறத பொறுத்துத்தான் எங்க இறங்கறதுங்கறது. இத டிக்கெட் போடறதுக்கு முன்னாடி யோசிச்சா பாதி செலவு மிச்சம்.

சென்னையிலேர்ந்து வர்றவங்களுக்கு ராத்திரி வண்டிங்கதான். சேது எழும்பூர்ல சாயங்காலம் கிளம்பி விருத்தாசலம், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரைன்னு குறுக்கு வழியில வேகமா வந்து, விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ராமேஸ்வரத்துல தள்ளிவிட்ரும். போட் மெயில் கொஞ்சம் லேட்டா கிளம்பி கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் சுத்திட்டு நல்லா விடிஞ்சப்புறம் வரும். 2025ல பாம்பன் கடல்ல புது ரயில் பாலம் திறந்தப்ப தாம்பரத்துலேர்ந்து ஒரு வண்டி விட்டாங்க, அது திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியா வருது, டெல்டாக்காரங்களுக்கு அது பெரிய வரம். மதுரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு ரிசர்வேஷன் தலைவலியே கிடையாது, காலையில, மதியம், சாயங்காலம்னு பாசஞ்சர் ஓடுது, 160 கிலோமீட்டர்தான், சில்லறைக் காசுல டிக்கெட், ஜன்னல் சீட் கிடைச்சா அத விட சுகமான பயணம் இல்ல. பரமக்குடி தாண்டினதும் ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவுல நடுவுல பனை, சீசன்ல போனா களத்துல முண்டு மிளகாய் காயப் போட்டிருப்பாங்க பாருங்க, தரையே செக்கச்செவேல்னு கிடக்கும். அந்த மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு.

நேரத்த பத்தி ஒண்ணு. கடல் பாலத்த பாக்கத்தான் ட்ரெய்ன்ல போறோம்னா சேதுல போயி பிரயோஜனமே இல்ல, கும்மிருட்டுல பாலத்த தாண்டிரும், ஜன்னல்ல உங்க மூஞ்சிதான் தெரியும். அதுக்கு போட் மெயில், இல்லாட்டி மதுரையிலேர்ந்து பகல் பாசஞ்சர். ஆனா கோயிலுக்குன்னு போறவங்களுக்கு சேதுதான் சரி, ஏன்னா விடியக்காலம் 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம், அது கொஞ்ச நேரம்தான், ஸ்டேஷன்ல இறங்கி குளிச்சுட்டு நேரா போனா கிடைச்சிரும். ரெண்டும் வேணும்னா போறப்ப சேது, வர்றப்ப பகல் வண்டியில மதுரை வரைக்கும் வந்து அங்கேர்ந்து மாறிக்கங்க. நான் வீட்டுக்காரங்களுக்கு சொல்றது இதுதான்.

சரி, ராமநாதபுரம். பாம்பன் பழைய பாலத்துல கோளாறுன்னு 2022 டிசம்பர்ல வண்டிய நிறுத்துனாங்கல்ல, புதுப் பாலம் திறக்குற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல ராமேஸ்வரம் வண்டியெல்லாம் மண்டபத்துலயும் ராமநாதபுரத்துலயும்தான் நின்னுச்சு. அப்பத்தான் பாதிப் பேருக்கு ராம்நாடுன்னு ஒரு ஊரு இருக்கறதே தெரிஞ்சுச்சு. வடநாட்டுக்காரங்க மூட்டை முடிச்சோட இறங்கி "ராமேஸ்வரம் கஹாங்"னு கேப்பாங்க, நம்ம ஆட்டோ அண்ணன்மாரும் பதறாம இந்தியில பதில் சொல்லுவாங்க. அந்த ரெண்டு வருஷத்துல ஸ்டேஷன் வாசல் கடைக்காரங்க நாலு காசு பாத்தாங்க, இப்ப திரும்பவும் வண்டியெல்லாம் நிமிஷக்கணக்குல நின்னுட்டுப் போயிருது.

ஆனா நெசமாவே சொல்றேன், இந்தக் கடற்கரை முழுக்க சுத்திப் பாக்கணும்னா ராம்நாடுலதான் இறங்கணும். ஸ்டேஷன்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு பக்கந்தான், ஆட்டோல ஏறி உட்கார்றதுக்குள்ள வந்துரும். அங்கேர்ந்து எல்லாத் திசைக்கும் பஸ். தெக்க போனா திருப்புல்லாணி, 10 கிலோமீட்டர் போல, 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, ராமர் தர்ப்பைப் புல்லுல படுத்திருக்கற சன்னதி இருக்கு, புள்ளை வரம் வேண்டி வர்றவங்களுக்கு பாயாசம் குடுப்பாங்க. அதுக்கு அங்குட்டு கொஞ்ச தூரத்துல சேதுக்கரை, கடல்ல கூட்டமே இல்லாம குளிக்கலாம், அமாவாசை அன்னைக்கு மட்டும் போகாதீங்க, தர்ப்பணம் குடுக்க ஊரே வந்து நிக்கும். இன்னும் தெக்க கீழக்கரை, கல்லுல செதுக்கின பழைய ஜும்ஆ பள்ளிவாசல், தூணெல்லாம் நம்ம கோயில் மண்டபத் தூணு மாதிரியே இருக்கும், சத்தம் போடாம மரியாதையா பாத்துட்டு வரலாம். கீழக்கரை போயிட்டு தொதல் வாங்காம வந்தா போனது வேஸ்ட். தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்குல கிண்டுற அல்வா அது, கையில ஒட்டாம எண்ணெய் மினுமினுப்போட இருக்கும், ஓலைக்கொட்டான்ல கட்டித் தந்தாங்கன்னா இன்னும் விசேஷம். அப்படியே போனா ஏர்வாடி தர்கா, வியாழக்கிழமை ராத்திரி கூட்டம் தாங்காது.

மேற்க உத்தரகோசமங்கை. மரகத நடராஜர், வருஷம் முழுக்க சந்தனக் காப்புலதான் இருப்பாரு, மார்கழி திருவாதிரைய ஒட்டி ஒரு நாள்தான் சந்தனம் களைஞ்ச கோலம். அன்னைக்கு போறவங்க கூட்டத்துக்கு தயாரா போங்க, மத்த நாள்ல போனா கோயில் காலியா கிடக்கும், அந்தப் பிரகாரத்துல சும்மா உட்கார்ந்திருக்கலாம். வடக்க தேவிபட்டினம், கடலுக்குள்ள ஒன்பது கல்லு நட்டிருக்கும், நவபாஷாணம்னு சொல்லுவாங்க, நடைமேடை போட்டிருக்காங்க, நடந்தே போயி சுத்தலாம். இது எல்லாத்துக்கும் ராம்நாடுலேர்ந்து அரை மணி முக்கால் மணி பஸ்ஸுதான். ராமேஸ்வரத்துல ரூம் போட்டுட்டு இதெல்லாம் ஒரே நாள்ல காட்டுறோம்னு கார்க்காரங்க சொல்லுவாங்க, காட்டுவாங்கதான், ஆனா உங்களுக்கு ஞாபகம் இருக்கப் போறது கார் சீட்டு மட்டுந்தான். ஊருக்குள்ளயே ராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கு, சேதுபதி ராஜாக்கள் காலத்து சுவர் ஓவியம், ஒரு சுவத்துல போர், இன்னொரு சுவத்துல ராஜா கதை, ராமாயணம்னு சுவரு முழுக்க கதை. ராமநாதபுரத்துக்காரனே பாதிப் பேரு உள்ள போயி பாத்ததில்ல, அது வேற சங்கதி.

ஒரு எச்சரிக்கை மட்டும், சேதுல வந்து ராம்நாடுல இறங்குனா அது நடுச்சாமத்துக்கு அப்புறம் வர்ற நேரம், குடும்பத்தோட வர்றவங்க ரூம முன்னாடியே பேசி வச்சுக்கங்க, இல்லாட்டி போட் மெயில்ல வாங்க.

எங்க உச்சிப்புளியில இறங்குங்கன்னு நான் யாரையும் கூப்பிட மாட்டேன், தென்னந்தோப்பும் கடற்படை விமானதளமும் தவிர பெருசா ஒண்ணுமில்ல, அரியமான் பீச்சுக்கு வேணும்னா இங்கேர்ந்து ஆட்டோ பிடிக்கலாம். அலையே இல்லாத கடல், புள்ளைங்கள தைரியமா இறக்கிவிடலாம். வடகடல் அப்படித்தான் குளம் மாதிரி கிடக்கும், வாடைக்காத்து அடிக்கறப்ப மட்டும் அதுக்கு கோவம் வரும். எங்க பக்கம் பாக் நீரிணைன்னு யாரும் சொல்ல மாட்டோம், வடக்க இருக்கறது வடகடல், தெக்க மன்னார் வளைகுடா தென்கடல், அவ்ளோதான்.

மண்டபம் ஸ்டேஷன்ல பாதி ட்ரெய்ன் காத்து வாங்கிக்கிட்டு நிக்கும். வெளையாட்டுக்கு சொல்லல, பாலத்துல காத்தளக்குற மெஷின் வச்சிருக்காங்க, மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல காத்து வீசுச்சுன்னா சிக்னல் தானா சிவப்புக்கு போயிரும், காத்து தணியற வரைக்கும் வண்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிக்க வேண்டியதுதான். எங்க சித்தி ஒரு தடவ ராமேஸ்வரத்துல வளைகாப்புக்கு போறேன்னு கிளம்பி மண்டபத்துலேர்ந்து போன் பண்ணுச்சு, "வண்டி நகரவே மாட்டேங்குதுடா தம்பி, எதிர்த்தாப்புல பாம்பன் தெரியுது, நீந்திப் போயிரலாம் போல இருக்கு"ன்னு. நான் சொன்னேன், "சித்தி, இறங்கி ரோட்டுக்கு வந்து பஸ் பிடிங்க"ன்னு. பஸ்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல, சித்தி வளையல் போடறதுக்கு முன்னாடி போயி சேர்ந்துருச்சு. புயல் சீசன்ல, அதாவது ஐப்பசி கார்த்திகையில வர்றவங்க இத மனசுல வச்சுக்கங்க. மண்டபத்துல இறங்கி ரோட்டுக்கு வந்துட்டா ராம்நாடு ராமேஸ்வரம் பஸ் எந்நேரமும் போயிக்கிட்டே இருக்கும்.

இப்ப பாலம். இதப் பத்தி எழுதாம விட்டா எங்க ஊர்க்காரன் என்னைய சேத்துக்க மாட்டான். 1914 பிப்ரவரி 24ல திறந்தது பழைய பாலம், 2 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல நீளம், நடுவுல கப்பல் போறதுக்கு ரெண்டா பிரிஞ்சு மேல தூக்கற தூக்கு, ஷெர்சர்ங்கற அமெரிக்க எஞ்சினியரோட டிசைன். அத ஆளுங்க கையால சுத்தித்தான் தூக்குனாங்க, மோட்டார்லாம் கிடையாது. புதுசு 2025 ஏப்ரல் 6ல திறந்தாங்க, அதுல 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் நேரா மேல போகுது, கரண்ட்ல. பழைய பாலத்துல வண்டி கட்டை வண்டி வேகத்துல ஊர்ந்துதான் போகும், அதுக்கேத்த மாதிரி நாங்களும் ஜன்னல் கம்பிய பிடிச்சுக்கிட்டு கடலையே பாத்துட்டு போவோம். அதுல ஒரு சத்தம் உண்டு பாருங்க, கீழ தண்ணி, மேல இரும்பு, வண்டி ஒவ்வொரு கண்ணு தாண்டறப்பவும் டடங் டடங்னு அந்த சத்தமே மாறும், வண்டிக்குள்ள அதுவரைக்கும் சளசளன்னு பேசிக்கிட்டு இருந்த ஆச்சிங்க எல்லாம் கப்புன்னு அமைதியாகி காச எடுத்து கடல்ல போட ஆரம்பிச்சிருவாங்க. புதுசுல வண்டி வேகமா போகுது, சத்தமும் கம்மி, நல்லதுதான், ரெண்டு நிமிஷம் கூட நின்னு பாக்க முடியலையேன்னு எனக்கு ஒரு குறை. கதவுகிட்ட நின்னு செல்பி எடுக்கறவங்க தயவுசெஞ்சு உள்ள வாங்க. கீழ நேரா கடல்தான், காத்து ஆள இழுக்கும்.

இன்னொரு ரகசியம், ட்ரெய்ன்ல போனா பாலம் தெரியாது, கடல்தான் தெரியும். பாலத்த பாக்கணும்னா பக்கத்துல இருக்கற ரோட்டுப் பாலத்துல நிக்கணும். 1988ல திறந்த இந்திரா காந்தி பாலம் அது, நல்ல உசரம், அங்கேர்ந்து கீழ ரயில் பாலம், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல ஒரு கலர்ல தண்ணி, பாம்பன்ல கட்டிப் போட்ட வள்ளம், விசைப்படகு எல்லாம் தெரியும். கார நடுப்பாலத்துல நிறுத்துனா போலீஸ் விரட்டும். அதனால பாம்பன்ல இறங்கி நடந்து வாங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி.

பாம்பன்ல இறங்குறதுன்னா எல்லா எக்ஸ்பிரஸும் அங்க நிக்காது, டிக்கெட் போடறப்ப பாத்துக்கங்க, பாசஞ்சர் நிக்கும். இவ்வளவு சின்ன ஸ்டேஷனுக்கு எதுக்கு ஜங்ஷன்னு பேருன்னு தோணும். 1964 வரைக்கும் அங்கேர்ந்து ரெண்டு லைன் பிரிஞ்சுச்சு, ஒண்ணு ராமேஸ்வரத்துக்கு, இன்னொண்ணு நேரா தனுஷ்கோடிக்கு. போட் மெயில்னு பேரு வந்ததே அதனாலதான், எழும்பூர்ல ஏறி தனுஷ்கோடியில இறங்கி கப்பல் ஏறினா தலைமன்னார், அங்கேர்ந்து திரும்ப ட்ரெய்ன் பிடிச்சு கொழும்பு, எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட். எங்க தாத்தாவோட கூட்டாளி ஒருத்தரு கொழும்புல கடையில வேலை பாத்தாரு, ஊருக்கு வர்றப்ப வாசனை சோப்பும் டார்ச் லைட்டும் கொண்டுட்டு வருவாராம், அத வச்சே வீட்டுல அவருக்கு ஒரு மரியாதை. 64 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டியே ஆளுங்களோட கடல்ல போயிருச்சு. பாலமும் சேதாரம், அத 46 நாள்ல சரிபண்ணிக் குடுத்தவரு ஸ்ரீதரன், பின்னாடி மெட்ரோ மேன்னு பேரு வாங்குனவரு. ஆனா தனுஷ்கோடி லைன திரும்பப் போடவே இல்ல. 2019ல புதுசா போடறோம்னு அடிக்கல் எல்லாம் நாட்டுனாங்க, கல்லு கல்லாத்தான் இருக்கு.

பாம்பன்லேர்ந்து தெக்க கொஞ்ச தூரத்துல குந்துகால், 1897 ஜனவரி 26ல விவேகானந்தர் அமெரிக்கா போயிட்டு இலங்கை வழியா திரும்பி வந்து பாம்பன்ல கரையேறுனதுக்கு அங்க ஒரு நினைவு மண்டபம் வச்சிருக்காங்க. கூட்டமே இருக்காது, சாயங்காலம் போயி உட்கார நல்ல இடம். மீன் சாப்பிடறவங்க பாம்பன், தங்கச்சிமடம் ரோட்டுக் கடையில சாப்பிட்டுக்கங்க, ராமேஸ்வரம் கோயில் பக்கம் பெரும்பாலும் சைவந்தான். கணவாய் வறுவல் கேளுங்க, நண்டு கேட்டா முன்னாடியே விலை பேசிக்கங்க.

கடைசியா ராமேஸ்வரம் ஸ்டேஷன். இடிச்சுக் கட்டுற வேலை ரொம்ப நாளா நடந்துக்கிட்டு இருக்கு, எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் தகரம் வச்சு அடைச்சிருக்காங்கன்னு ஒவ்வொரு தடவையும் மாறுது, கூட்டம் போற பக்கமே போங்க. வெளிய வந்ததும் ஆட்டோக்காரங்க சுத்தி நிப்பாங்க, தமிழ், இந்தி, தெலுங்கு மூணுலயும் கூப்பிடுவாங்க. ஒருத்தரு என்னைப் பாத்து, "ஆயியே பாய்சாப், மந்திர்?"னாரு. "அண்ணே, நான் உச்சிப்புளிண்ணே"ன்னேன். "அட போப்பா, காலங்காத்தால"ன்னுட்டு அடுத்த ஆள பாக்கப் போயிட்டாரு. கோயிலுக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது, பை சின்னதா இருந்தா விடியக்கால குளிர்ச்சியில நடந்தே போயிரலாம், வழியில டீக்கடையெல்லாம் அப்பவே திறந்திருக்கும். வயசானவங்க இருந்தா ஆட்டோ எடுங்க, ஆனா ஏறுறதுக்கு முன்னாடி கோயில்ல எந்தப் பக்கம்னு சொல்லிருங்க, கிழக்கு வாசல்னா அக்னி தீர்த்தம் பக்கம், மேற்கு வாசல்னா வேற. லாட்ஜ் எங்க இருக்குன்னு தெரியாம ஏறுனா ஆட்டோக்காரரே ஒரு லாட்ஜ் காட்டுவாரு, அங்க அவருக்கு கமிஷன் இருக்கலாம். அதுல அவர குத்தம் சொல்லவும் முடியல, சவாரி வர்றதே ட்ரெய்ன் வர்ற நேரத்துக்குத்தான், மிச்ச நேரமெல்லாம் வெயில்ல நிக்கணும்.

பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளிய தள்ளி இருக்கு, கோயில் பக்கத்துலேர்ந்து அங்க போக டவுன் பஸ் இருக்கு, இத யாரும் வெளியூர்க்காரங்களுக்கு சொல்ல மாட்டாங்க. செல்போன கோயிலுக்குள்ள விட மாட்டாங்க, ரூம்லயே வச்சுட்டுப் போங்க. அக்னி தீர்த்தத்துல, அதாவது கடல்ல முங்கிட்டு, ஈரத்துணியோட உள்ள 22 தீர்த்தம், வாளியில மொண்டு தலையில ஊத்துவாங்க, அப்புறம் துணி மாத்திட்டுத்தான் சாமி தரிசனம். அதனால மாத்துத் துணி ஒரு தனிப் பையில, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, இத மறந்துட்டு மூணாம் பிரகாரத்துல நடுங்கிக்கிட்டு நிக்கறவங்கள நிறைய பாத்திருக்கேன். தரை வழுக்கும், பெரியவங்க கைய விட்ராதீங்க. ஒவ்வொரு கிணத்துத் தண்ணிக்கும் ருசி வேறன்னு சொல்லுவாங்க, குடிச்சுப் பாருங்க, சிலது உப்பே கரிக்காது, கடலுக்கு எட்டுற தூரத்துல.

அப்புறம் இந்த ஆட்டோ பேக்கேஜ். ராமர் பாதம், பஞ்சமுக ஆஞ்சநேயர், லட்சுமண தீர்த்தம், அது இதுன்னு ஒரு அட்டைய நீட்டுவாங்க. ராமர் பாதம் போங்க, மேடு ஏறுனா தீவு முழுக்க தெரியும். பேக்கரும்புல அப்துல் கலாம் நினைவிடம், பள்ளிவாசல் தெருவுல அவரு வீடு, புள்ளைங்க கூட வந்தா ரெண்டும் கட்டாயம். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் அட்டையில சில பேரு போட மாட்டாங்க, கேட்டு வாங்குங்க, கடலுக்குள்ள நடைபாலம் போயி அங்க ஒரு கிணறு, சுத்தி உப்புத்தண்ணி, உள்ள நல்ல தண்ணி. மிச்சத்த பாக்கலைன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க, மிதக்குற கல்ல பத்து இடத்துல தொட்டியில போட்டு வச்சிருப்பாங்க, ஒரு இடத்துல பாத்தா போதும்.

தனுஷ்கோடிக்கு பேக்கேஜே வேண்டாம். அரசு பஸ் போகுது, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், ஜன்னல்ல உட்கார்ந்துக்கிட்டு வடகடலையும் தென்கடலையும் மாத்தி மாத்தி பாத்துட்டு போகலாம். 2017ல தீவோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாங்க, அதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துலேர்ந்து மணல்லயும் தண்ணியிலயும் வேன் குதிச்சுக் குதிச்சுப் போகும், இடுப்பு போயிரும். காலையில சீக்கிரம் போயிட்டு வந்துருங்க, சாயங்காலத்துக்கு மேல உள்ள விட மாட்டாங்க, சனி ஞாயிறு மதியம் போனா கார் வரிசையில நின்னே பொழுது போயிரும். எல்லாரும் முனையில போயி போட்டோ எடுத்துட்டு திரும்பிருவாங்க, நீங்க வழியில பழைய ஊருகிட்ட இறங்குங்க. கூரை போன சர்ச், பவளப்பாறைக் கல்லுல கட்டுன சுவரு, ஸ்டேஷன் இருந்த இடம், எல்லாம் கிட்டக்கிட்டத்தான். அங்க இருக்கற குடிசைப் பக்கம் ஒரு பள்ளம் பாருங்க, மணல முழங்கை ஆழத்துக்கு தோண்டி வச்சிருப்பாங்க, அதுல தண்ணி ஊறி ஊறி நிக்கும், நல்ல தண்ணி. ஒரு அக்கா குத்தவச்சு உட்கார்ந்துக்கிட்டு சிரட்டையில மொண்டு மொண்டு குடத்துல ஊத்துச்சு, மணல் கலங்கிரக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் சிரட்டைய பூ மாதிரி இறக்குது. "குடிக்கிறியா தம்பி"ன்னு நீட்டுச்சு, குடிச்சேன், சென்னையில கேன் தண்ணிக்கு காசு குடுக்கறவனுக்கு அது இளநி. பேச்சுவாக்குல, "கரண்ட் இல்லாட்டியும் இருந்துருவோம், இந்த ஊத்து இருக்கறதாலதான் இங்க இருக்கோம்"னுச்சு. அங்க கடையில மீன் பொரிச்சுத் தருவாங்க, சங்கு பாசி விக்கறவங்ககிட்ட ரெண்டு சாமான் வாங்குங்க, பேரம் ரொம்பப் பேசாதீங்க.

திரும்புறப்ப, நீங்க கடைசி நாள் கீழக்கரை ஏர்வாடி பக்கம் இருந்தா டிக்கெட்ல ஏறுற இடத்த ராமநாதபுரம்னு மாத்திக்கங்க, ஏறுறதுக்காக மட்டும் ராமேஸ்வரம் வரைக்கும் திரும்பப் போறது தண்டம். சாயங்காலம் ராமேஸ்வரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல கூட்டம் அள்ளும், தண்ணி பாட்டில், சாப்பாடு எல்லாம் ஊருக்குள்ளயே வாங்கிட்டு வந்துருங்க, சேதுல ஏறுனப்புறம் உருப்படியா ஒண்ணும் கிடைக்காது. பாம்பன்ல கருவாடு வாங்குனவங்க மட்டும் தனியா கேட்டுக்கங்க, பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல பாலிதீன் ரெண்டு சுத்து சுத்தி, எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி, அப்புறம்தான் பையில வைக்கணும், அதுவும் ஏசி கோச்சுன்னா சீட்டுக்கு அடியில வச்சுட்டு யாரு கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்க.